இரவல் கரங்கள்

ஸ்பானிய மொழியில் ‘பிராசோ’ என்றால் கை. கையையே முதலாகக் கொண்டு பிழைப்பவனுக்கு அம்மொழியில் ‘பிராசெரோ’ என்று பெயர். தமிழில் ‘கையாள்’ என்று சொன்னால் ஏறக்குறையப் பொருந்தும். இந்தத் தமிழ்ச் சொல்லில் கையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறான். ஆனால், 1942 முதல் 1964 வரை மெக்சிகோவிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டின் வயல்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிராசெரோக்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அந்நாட்டுச் சட்டம் கையை மட்டும் ஏற்றுக்கொண்டு, ஆளை வாசலிலேயே நிறுத்திவைக்க முயன்றதைக் காண்கிறோம்.

2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் 6 கோடியே 21 லட்சம் பேர். அந்நாட்டு மக்கள்தொகையில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவர்களுள் ஐவரில் நால்வர் அந்நாட்டின் குடிமக்களே ஆவர். ஆயினும் ‘லத்தீனோ’ என்ற சொல் காதில் விழுந்தவுடன், ‘அனுமதியின்றிப் புகுந்தவர்’ என்ற எண்ணமே பலருடைய உள்ளத்தில் முந்தி நிற்கிறது. இந்த எண்ணம் எவ்வாறு உண்டாயிற்று? மக்கள் சட்டத்தை மீறியதால் மட்டும் உண்டாயிற்றா? அல்லது மக்கள் முன்போலவே நடந்துகொண்டிருக்க, சட்டம் அவர்களுடைய காலடியில் இடம் மாறியதால் உண்டாயிற்றா? விடை காண வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கோடு மக்களைக் கடந்தது

1848ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த போரை முடித்துவைத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது கையெழுத்தான ஊர் குவாதலூப்பே ஹிதால்கோ. அரபு கற்றோர் இப்பெயரைச் செவியுற்றால் ஒரு கணம் நின்று கேட்பார்கள். ‘குவாத’ என்னும் முற்பகுதி ‘வாதீ’ என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஸ்பெயின் நாட்டில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் ஆறுகளுக்கு இட்ட பெயர்கள், அந்நாட்டாரோடு கப்பலேறிப் புதிய உலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. மெக்சிகோவின் ஊர் நீதிபதிக்கு வழங்கிய ‘அல்கால்தே’ என்ற பெயர் ‘அல்-காழி’யிலிருந்து வந்தது. நியூ மெக்சிகோவின் உழவர்கள் தம் பொதுவாய்க்காலுக்கு வழங்கும் ‘அசேக்கியா’ என்ற பெயர் ‘அஸ்-ஸாகியா’விலிருந்து வந்தது. ஆகவே அந்த நிலமும், அதன் வழக்கும், அதன் வாய்க்காலும் ஓர் ஒழுங்கின்கீழ் ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்தவை; ஆளில்லாத பாழ்வெளி அல்ல.

அவ்வுடன்படிக்கையின்படி அமெரிக்கா 1 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவை முழுமையாகவும், அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ முதலியவற்றின் பெரும் பகுதிகளும் அதன் கைக்கு வந்தன. முன்னரே பிரிந்துபோன டெக்சாசையும் சேர்த்துக் கணக்கிட்டால், மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் இழந்தது. அங்கு வாழ்ந்த மெக்சிகோ மக்களுக்கு ஓராண்டுத் தவணை தரப்பட்டது. அதற்குள் மெக்சிகோவின் குடிகளாகவே இருக்க விரும்புவதாக அறிவிக்காதவர்கள் அமெரிக்கக் குடிகளாகக் கருதப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டனர். அவர்கள் எந்த எல்லையையும் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து சென்றது.

குடியுரிமை ஏட்டில் கிடைத்தது. நிலம் என்னவாயிற்று? மெக்சிகோ அரசு வழங்கிய நிலக்கொடைகளைக் காப்பதாகச் சொன்ன பத்தாம் பிரிவை அமெரிக்க செனட் சபை நீக்கிவிட்டே உடன்படிக்கையை ஏற்றது. 1851இல் கலிபோர்னியாவுக்கென ஒரு நிலச் சட்டம் வந்தது. நிலம் தன்னுடையதே என்பதை உடையவனே ஆணையத்தின்முன் மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யாதவரின் நிலம் அரசுக்குச் சேரும். 813 மனுக்கள் ஆணையத்தின்முன் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இறுதியில் வென்றன. ஆயின் வெற்றிப் பட்டயம் கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. வழக்கறிஞருக்கும் வட்டிக்காரருக்கும் கொடுத்துக் கொடுத்து, தீர்ப்பு வந்த நாளில் நிலமே எஞ்சாத குடும்பங்கள் பல. நேற்றுவரை நிலவுடைமையாளராக இருந்தவரின் பிள்ளைகள், அதே மண்ணில் கூலிக்கு நின்றனர்.

திறந்திருந்த வாசல்

அடுத்த அரை நூற்றாண்டில் அமெரிக்காவின் தென்மேற்கில் இருப்புப்பாதைகள் நீண்டன, சுரங்கங்கள் தோண்டப்பட்டன, பாலைநிலம் பாசனம் பெற்றது. இவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் சீனர்கள் வந்தார்கள். 1882இல் சட்டம் அவர்களைத் தடுத்தது. பின்னர் ஜப்பானியர் வந்தார்கள். 1907இல் அவர்களுக்கும் வழி அடைபட்டது. 1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், நம் இந்தியாவையும் உள்ளிட்ட ஆசியாவின் பெரும் பகுதியை ‘தடுக்கப்பட்ட மண்டலம்’ என்று வரையறுத்தது. 1924ஆம் ஆண்டின் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பியரின் எண்ணிக்கையையும் வெகுவாகக் குறைத்தது.

இத்தனை வாசல்களும் அடைபட்டபோது ஒரு வாசல் மட்டும் திறந்தே இருந்தது. மெக்சிகோவுக்கும் பிற அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கும் 1924இன் சட்டம் எண்ணிக்கை வரம்பு எதையும் விதிக்கவில்லை. காரணம் அன்பன்று. பண்ணை முதலாளிகளும் இருப்புப்பாதைக் கழகங்களும் அந்த வாசலை மூடவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இன் சட்டம் விதித்த எழுத்தறிவுத் தேர்விலிருந்தும் 8 டாலர் தலைவரியிலிருந்தும் மெக்சிகோக் கூலிகளுக்குத் தற்காலிக விலக்கே அளிக்கப்பட்டது. வரவேற்ற காரணத்தையும் முதலாளிகள் மறைக்கவில்லை. கடல் கடந்து வந்தவன் தங்கிவிடுவான். மெக்சிகோக்காரனோ அறுவடை முடிந்ததும் தானே திரும்பிவிடுவான் என்று அவர்கள் வாதாடினார்கள். கை வேண்டும், ஆள் தங்கக் கூடாது என்ற எண்ணத்தின் வித்து அங்கேயே இருக்கிறது.

அதே 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் எல்லைக் காவற்படை அமைக்கப்பட்டது. 1929 மார்ச்சில் வந்த மற்றொரு சட்டம், அனுமதியின்றி நுழைவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒருமுறை வெளியேற்றப்பட்டவன் மீண்டும் நுழைந்தால் அது பெருங்குற்றமாயிற்று. வாசல் திறந்திருந்தது, ஆனால் வேண்டும்போது இழுத்துச் சாத்துவதற்கான தாழ்ப்பாளும் பொருத்தப்பட்டுவிட்டது.

அந்தத் தாழ்ப்பாள் விரைவிலேயே பயன்பட்டது. 1929இன் இறுதியில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பழி சுமக்க ஒருவர் வேண்டுமல்லவா? 1931 பிப்ரவரி 26ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லா பிளாசித்தா என்னும் பூங்காவைக் காவலர்கள் வளைத்து, ஏறத்தாழ 400 பேரை நிறுத்தி விசாரித்தனர். அந்த அச்சம் குடியிருப்புகள் எங்கும் பரவியது. உள்ளூராட்சிகளே புகைவண்டிக் கட்டணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக மெக்சிகோவுக்கு அனுப்பின. அப்பத்தாண்டில் போனவர்களின் தொகையை 4 லட்சம் முதல் 10 லட்சத்துக்கு மேல் வரை அறிஞர்கள் பலவாறாக மதிப்பிடுகின்றனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள் என்பது பலர் கருத்து. பிறந்த நாட்டிலிருந்து, தாம் கண்டிராத ‘தாய்நாட்டுக்கு’ அனுப்பப்பட்ட குழந்தைகள் அவர்கள். 2005இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி இதற்காக மன்னிப்புக் கேட்டது.

1942இன் ஒப்பந்தம்

பத்தாண்டு கழிவதற்குள் காட்சி தலைகீழாக மாறிற்று. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. இளைஞர்கள் போர்முனைக்குப் போயினர். வயலில் ஆள் இல்லை. வேண்டாம் என்று அனுப்பியவர்களையே வேண்டி அழைக்க நேர்ந்தது. 1942 ஆகஸ்ட் 4ஆம் நாள் இரு நாட்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இதுவே பிராசெரோத் திட்டம்.

ஏட்டில் அது நல்ல ஒப்பந்தமே. வட்டாரத்தில் வழங்கும் கூலியே கொடுக்கப்பட வேண்டும்; எவ்வாறாயினும் மணிக்கு 30 காசுக்குக் குறையக் கூடாது. போக்குவரத்துச் செலவு தொழிலாளியைச் சேராது. உறைவிடம் இலவசம். ஒப்பந்தக் காலத்தில் நான்கில் மூன்று பங்கு நாட்களுக்கு வேலை உறுதி. இனவேற்றுமை காட்டலாகாது. இந்தக் கடைசி விதியை மெக்சிகோ விளையாட்டாகச் சேர்க்கவில்லை. தன் மக்களை இழிவாக நடத்திய டெக்சாஸ் மாநிலத்துக்கு 1947 வரை அது ஆள் அனுப்ப மறுத்தது.

ஆனால் வயலில் ஏடு இல்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிலையங்களில், பல நாள் வெயிலில் காத்துக் கிடந்தவர்களின் உள்ளங்கைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ப்பு ஏறிய கையே உழவன் என்பதற்குச் சான்று. மென்மையான கையுடையவன் திரும்பிப் போகலாம். எல்லை நிலையத்தில் ஆடை களைந்து வரிசையில் நிறுத்தி, டிடிடி என்னும் பூச்சிக்கொல்லித் தூளை அவர்கள்மேல் தூவினார்கள். 1956இல் எடுக்கப்பட்ட நிழற்படங்கள் அதற்குச் சாட்சியாக நிற்கின்றன. பின்னர் பருத்தி, பீட்ரூட், கீரை, தக்காளி வயல்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பருத்திக்கு அவர்கள் மொழியில் ‘அல்கொதோன்’ என்று பெயர். நம் கிதாபுகளில் காணும் ‘அல்-குத்ன்’ தான் அது. வயலில் பிடித்த களைக்கொத்துக்குக் குட்டையான பிடி. நாள் முழுதும் இடுப்பை வளைத்தே வேலை செய்தாக வேண்டும். இந்தக் கருவியைக் கலிபோர்னியா தடைசெய்தது 1975இல்தான்.

பிராசெரோ தன் முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாது. முறையிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஏர்னெஸ்தோ கலார்சா என்னும் அறிஞர் — அவரும் சிறுவயதில் மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்தவரே — முகாம்களை நேரில் ஆராய்ந்து, 1956இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஒப்பந்தத்தின் விதிகள் எங்கெங்கு மீறப்படுகின்றன என்பதை அது எடுத்துக் காட்டியது. விதி இருந்தது, விதியைக் கேட்டுப் பெறும் வலிமை தொழிலாளியிடம் இல்லை.

1956இல் மட்டும் 4 லட்சத்து 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். 22 ஆண்டுகளில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 46 லட்சம்.

நூற்றுக்குப் பத்து

ஒப்பந்தத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு தொழிலாளியின் கூலியிலும் நூற்றுக்குப் பத்து பிடிக்கப்பட்டது. அது சேமிப்பு, ஊர் திரும்பியதும் உழுகருவி வாங்க உதவும் என்று சொல்லப்பட்டது. அத்தொகை அமெரிக்க வங்கி வழியாக மெக்சிகோவின் வங்கிகளுக்கு அனுப்பப்பட்டது. நம் வழக்கில் சொன்னால் அது அமானிதம். உடையவனின் கைக்குத் திரும்பிச் சேர வேண்டிய பொருள்.

திரும்பிய தொழிலாளிகளுள் மிகப் பலர் அந்தப் பணத்தைக் காணவேயில்லை. சிலருக்கு அப்படி ஒரு பிடித்தம் இருந்ததே தெரியாது. தெரிந்து போய்க் கேட்டவர்களிடம், பணம் வரவில்லை என்றோ, சீட்டு எங்கே என்றோ கேட்கப்பட்டது. அவர்கள் இளைஞர்களாயிருந்து கிழவர்களாகும் வரை அந்தக் கணக்கு தீரவில்லை. இதன் முடிவைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதலாளிக்கு ஒரு விதிவிலக்கு

ஒப்பந்தத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஆற்றை நீந்திக் கடந்து வந்தார்கள். அவர்களைக் குறிக்க ‘முதுகு நனைந்தவர்’ என்னும் பொருள்படும் இழிசொல் ஒன்று வழங்கியது. முதலாளிகளுக்கு இவர்கள் இன்னும் மலிவு. முப்பது காசு விதிகூட இவர்களைக் காக்கவில்லை. பண்ணைகள் கேட்டபோது அதிகாரிகளே இவர்களை எல்லைக்கு அழைத்துச் சென்று, ஒப்பந்தச் சீட்டுக் கொடுத்து, மீண்டும் உள்ளே விட்டார்கள். 1949இல் இவ்வாறு சீட்டுப் பெற்றவர்கள் 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். புதிதாக மெக்சிகோவிலிருந்து முறைப்படி வந்தவர்களோ ஏறத்தாழ 20 ஆயிரம். ஒரே மனிதன், ஒரே வயல். காலையில் குற்றவாளி, மாலையில் விருந்தாளி.

1952ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. அனுமதியின்றி வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றம். 2,000 டாலர் அபராதமும் ஐந்தாண்டுச் சிறையும் விதிக்கலாம் என்றது. அடுத்து ஒரு வாசகத்தைச் சேர்த்தது. அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது மட்டும் அடைக்கலம் ஆகாது என்பது அதன் கருத்து. டெக்சாஸ் பண்ணையாரின் நலனுக்காகச் சேர்க்கப்பட்டதால் இதை ‘டெக்சாஸ் விதிவிலக்கு’ என்று வரலாற்றாளர் அழைப்பர். வாசகர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பசித்தவனுக்குத் தங்க இடம் கொடுத்தவன் குற்றவாளி ஆகலாம். அவனுடைய உழைப்பை வாங்கிக்கொண்டவன் குற்றமற்றவன்.

இரண்டாண்டு கழித்து, 1954இல், குடியேற்றத் துறை பெரும் வேட்டை ஒன்றை நடத்தியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றியதாக அத்துறை சொல்லிக்கொண்டது. அக்கணக்கை வரலாற்றாளர் பலர் ஐயுறுகின்றனர். ஐயமில்லாத செய்தி ஒன்று உண்டு. வேட்டை நடந்த காலத்திலேயே பிராசெரோ ஒப்பந்தங்களும் பெருகின. வேலை நிற்கவில்லை, வேலை செய்தவனின் சீட்டு மட்டுமே மாறியது.

பெயரில்லாத இறந்தோர்

1948 ஜனவரி 28ஆம் நாள், மெக்சிகோத் தொழிலாளர்களை எல்லைக்கு ஏற்றிச் சென்ற விமானம் ஒன்று கலிபோர்னியாவின் லாஸ் காதோஸ் பள்ளத்தாக்கில் எரிந்து விழுந்தது. 32 பேர் இறந்தனர். விமானி முதலான நால்வரின் பெயர்களை நாளேடுகள் வெளியிட்டன. மற்ற 28 பேரை ‘நாடு கடத்தப்படுவோர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டன. பிரெஸ்னோ நகரின் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் ஒரே குழியில் அடக்கப்பட்டனர். பெயர்கள் பொறித்த கல் ஒன்று அங்கே நாட்டப்பட 2013 வரை, அதாவது 65 ஆண்டுகள் ஆயின.

1963 செப்டம்பர் 17ஆம் நாள், சலினாஸ் பள்ளத்தாக்கில் சுவாலர் என்ற ஊருக்கருகே, வேலை முடிந்து திரும்பிய பிராசெரோக்களின் வண்டிமீது புகைவண்டி மோதியது. அது பேருந்து அன்று. பலகைகளை அடித்து உட்கார இடம் அமைத்த சரக்கு லாரி. 32 பேர் மாண்டனர். நாட்டின் மனச்சான்று சற்றே விழித்தது. ஏற்கனவே எழுந்திருந்த எதிர்ப்போடு இதுவும் சேர, 1964 டிசம்பர் 31ஆம் நாளோடு திட்டம் முடிவுக்கு வந்தது.

ஒரே சட்டம், இரண்டு வாசல்

திட்டம் முடிந்தது, வயல்களின் தேவை முடியவில்லை. அடுத்து வந்ததுதான் நாம் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் பழைய இனவாரிப் பங்கீட்டை ஒழித்தது. பெருமைக்குரிய சீர்திருத்தம் அது. நம் நாட்டு மருத்துவர்களும் பொறியாளர்களும் அமெரிக்காவில் குடியேற வழி பிறந்தது அச்சட்டத்தால்தான். ஆயின் அதே சட்டம் மேலைக் கண்டத்து நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் என்ற வரம்பை முதன்முறையாக விதித்தது. 1968 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1976இல் வந்த திருத்தம், ஒவ்வொரு நாட்டுக்கும் 20 ஆயிரம் என்று சுருக்கியது. நாட்டின் பரப்பு, அண்மை, நூற்றாண்டுப் பழக்கம் எதுவும் கணக்கில் வரவில்லை.

ஐம்பதுகளின் இறுதியில் மெக்சிகோவிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஒப்பந்தத்திலும், 50 ஆயிரம் பேர் நிரந்தர அனுமதியிலும் முறைப்படி வந்துகொண்டிருந்தனர். இருபது ஆண்டுகளுக்குள் முதல் வழி முற்றிலும் அடைபட்டது. இரண்டாவது வழி 20 ஆயிரமாகக் குறுகியது. வயலும் அதுவே, முதலாளியும் அவரே, ஊரிலிருந்து வரும் உழவனும் அவனே. 1965இல் எல்லையிலும் உள்நாட்டிலும் பிடிபட்டவர்கள் 1 லட்சத்துப் 10 ஆயிரம் பேர். 1986இல் 17 லட்சத்துக்கு மேல். ஒருவனே பலமுறை பிடிபட்டதும் இதில் சேரும் என்றாலும், மாற்றத்தின் அளவு விளங்குகிறது. மனிதர்கள் திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை. நேற்றுச் சட்டம் ‘வருக’ என்ற அதே பாதைக்கு, இன்று ‘குற்றம்’ என்று பெயர் வந்தது.

திராட்சைத் தோட்டத்தில் ஒரு ஜனாஸா

தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை 1935ஆம் ஆண்டின் சட்டம் அமெரிக்கருக்கு அளித்தது. 1938ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சக் கூலியை அளித்தது. இரண்டிலும் வயல் தொழிலாளர் விலக்கப்பட்டிருந்தனர். இக்குறையை எதிர்த்து எழுந்த பெரும் போராட்டம் 1965 செப்டம்பர் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் டெலானோவில் தொடங்கியது. முதலில் வெளியேறியவர்கள் லாரி இட்லியாங் முதலானோரின் தலைமையில் நின்ற பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். எட்டே நாட்களில் செசார் சாவேஸ், தொலோரெஸ் உவெர்த்தா ஆகியோரின் சங்கத்தைச் சேர்ந்த மெக்சிகோ மக்களும் இணைந்தனர். சாவேஸ் நம் காந்தியடிகளின் வழியைப் படித்தவர். 1968இல் 25 நாள் உண்ணாநோன்பு இருந்தவர். 1970இல் திராட்சை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

முதலாளிகளின் பழைய கருவி அப்போதும் ஓயவில்லை. வேலைநிறுத்தம் நடந்த தோட்டங்களுக்கு, அதனினும் வறிய, சீட்டில்லாத மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏழையின் வயிற்றை ஏழையின் வயிற்றோடு மோதவிட்டார்கள். அந்நாளில் சங்கமே அத்தகையோரை எதிரிகளாகக் கண்டு, அதிகாரிகளிடம் புகார் செய்ததும் உண்டு.

இப்போராட்டத்தில் நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது. அந்தத் தோட்டங்களில் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் தொழிலாளரோடு யெமன் நாட்டு முஸ்லிம்களும் உழைத்தனர். அவர்களுள் ஒருவர் நாஜி தைஃபுல்லா, வயது 24. 1973 ஆகஸ்டில் லாமான்ட் என்ற ஊரில், காவலர் ஒருவர் கைவிளக்கால் தலையில் அடித்ததால் உயிர் நீத்தார். இரண்டு நாட்களுக்குள், மறியலில் நின்ற ஹுவான் தெ லா குரூஸ் என்ற முதியவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாஜியின் ஜனாஸாவுக்குப் பின்னே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மௌனமாக நடந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1975இல் கலிபோர்னியா, வயல் தொழிலாளரின் சங்க உரிமையைச் சட்டமாக்கிற்று.

‘எந்த ஆளுக்கும்’

டெக்சாஸ் மாநிலம் 1975இல் ஒரு சட்டம் இயற்றியது. முறைப்படி நாட்டுக்குள் வராத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலம் பணம் தராது என்பது அதன் சாரம். டைலர் என்ற நகரின் பள்ளி நிர்வாகம் 1977இல் அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலிக் குடும்பத்துக்கு அது பள்ளியின் கதவைப் பூட்டுவதற்குச் சமம். சில குடும்பங்கள் துணிந்து வழக்குத் தொடுத்தன. அவர்கள் யாரென்று ஊரறியாமல் காப்பதற்காக நீதிபதி விசாரணையைக் காலை ஆறு மணிக்கே வைத்தார்.

1982 ஜூன் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பிரென்னன். அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம், சட்டத்தின் சமமான காப்பைக் ‘குடிமகனுக்கு’ என்று சொல்லவில்லை. தன் எல்லைக்குள் இருக்கும் ‘எந்த ஆளுக்கும்’ மறுக்கலாகாது என்கிறது. சீட்டு இல்லாதவரும் ஆளே என்றது நீதிமன்றம். பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளையைக் கல்லாதவனாக்குவது நீதியன்று என்றும் அது கருதியது. நூறாண்டாகக் கையை மட்டும் கண்ட சட்டம், அன்று ஆளைக் கண்டது. கண்டதும், ஐந்துக்கு நான்கு என்ற நூலிழையில்தான்.

1986 நவம்பர் 6ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரேகன் கையெழுத்திட்ட சட்டம், ஏறத்தாழ 27 லட்சம் பேருக்கு வாழ்வுரிமை வழங்கிற்று. அனுமதியில்லாதவரை அறிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்கும் தண்டனை உண்டு என்று முதன்முறையாகச் சொன்னது. 1952இன் விதிவிலக்கு மறைந்தது. ஆயினும் காட்டப்படும் சான்றிதழ் பார்வைக்கு உண்மைபோல் இருந்தால் போதும். முதலாளி அதற்கு மேல் ஆராய வேண்டுவதில்லை. இடைத்தரகர் வழியாக ஆள் எடுத்தால் அந்தப் பொறுப்பும் தளர்ந்தது. சுமை மீண்டும் கீழேதான் இறங்கியது.

2002இல் வந்த ஒரு தீர்ப்பு இதைக் காட்டும். கலிபோர்னியாவில் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்று, சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளியைச் சட்டவிரோதமாக வேலைநீக்கம் செய்தது. இழந்த கூலியாக ஏறத்தாழ 67 ஆயிரம் டாலர் கொடுக்குமாறு தொழிலுறவு வாரியம் ஆணையிட்டது. அவர் பிறருடைய சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்தவர் என்பது தெரியவந்ததால், அக்கூலி அவருக்கு உரியதன்று என உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இங்கும் ஐவருக்கு நால்வரே.

தீராத கணக்கு

அனுமதியில்லாதோர் நாட்டுக்குச் சுமை என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். வரிக் கொள்கையை ஆராயும் அமெரிக்க நிறுவனம் ஒன்று 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் அவர்கள் செலுத்திய வரி 9,670 கோடி டாலர். அதில் 2,570 கோடி டாலர் முதுமைக்கால ஓய்வூதியக் கணக்குக்குப் போனது. அவர்களிற் பெரும்பாலோர் என்றும் பெற முடியாத ஓய்வூதியம் அது. 1942இல் பிடித்த நூற்றுக்குப் பத்து நம் நினைவுக்கு வருகிறதல்லவா?

அந்தப் பழைய கணக்குக்கு வருவோம். முதிய பிராசெரோக்களும் அவர்களின் பிள்ளைகளும் 2001இல் சான் பிரான்சிஸ்கோவின் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2005இல் மெக்சிகோ அரசு நாட்டிலுள்ள முன்னாள் தொழிலாளருக்கென நிதி ஒன்றை அமைத்தது. 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்து, அமெரிக்காவில் வாழ்ந்தவர்களுக்கும் வழி பிறந்தது. ஒருவருக்கு 38 ஆயிரம் பெசோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3,500 டாலர். ஆனால் உழைத்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பழைய ஒப்பந்தச் சீட்டையோ கூலிச் சீட்டையோ அறுபது ஆண்டுகள் பெட்டிக்குள் பாதுகாத்தவருக்குப் பணம் கிடைத்தது. வெள்ளத்திலும் கறையானிலும் சீட்டை இழந்தவருக்கு, காய்ப்பேறிய கையைத் தவிரச் சான்று இல்லை. வேலைக்கு எடுத்த நாளில் அந்தக் காய்ப்பே போதுமான சான்றாக இருந்தது. கூலியைத் திருப்பிக் கேட்ட நாளில் அது செல்லவில்லை.

ஒரு நாடு தன் வாசலைக் காப்பது அதன் உரிமை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கையை மட்டும் தனியே இரவல் வாங்க இயலாது. கையோடு ஆள் வருகிறான்; ஆளோடு அவனுடைய மனைவி மக்கள், அவர்களின் படிப்பு, நோய், மூப்பு, இறுதியில் ஒரு குழியும் அதன்மேல் ஒரு பெயரும் வருகின்றன. வாங்கிய உழைப்புக்கு இவையெல்லாம் சேர்ந்தே விலை. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதபோது, உழைத்தவனுக்குச் ‘சட்டவிரோதி’ என்று பெயரிடுவது எளிது. லத்தீனோ மக்களின் நூற்றெழுபது ஆண்டு வரலாற்றில் பலமுறை நடந்தது அதுவே. பிழைப்புத் தேடிப் போன பிள்ளையின் மடலுக்காகக் காத்திருந்து பழகிய நம் குடும்பங்களுக்கு, அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் பாக்கி நிற்கிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.